இரண்டு விநாடிக்கு ஒருமுறை

குளிர்பதனக் கிடங்கின் கட்டுப்பாட்டு அறை மாடியில் இருந்தது. ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. கீழே லாரிகள் பின்பக்கமாக வந்து ஒட்டி நிற்பதும், ஃபோர்க்லிஃப்ட் வண்டிகள் மீன் பெட்டிகளையும் பட்டாணி மூட்டைகளையும் தூக்கிக்கொண்டு அறைகளுக்குள் நுழைவதும் அங்கிருந்தே தெரியும். காலை ஆறு மணியிலிருந்து பிற்பகல் இரண்டு மணி வரை அந்த அறை அவள் பொறுப்பு. பதினோரு வருடமாக அப்படித்தான். டிரைவர்கள் தொடங்கி மேனேஜர் வரை எல்லோரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவர்களில் பாதிப் பேர் அவளைவிட மூத்தவர்கள்.

மொத்தம் எட்டு அறைகள். அவற்றைக் குளிர வைத்தது அமோனியா. குழாய்க்குள் இருக்கிறவரை அது பரம சாது. வெளியே கசிந்தால் முதலில் கண், பிறகு தொண்டை, அதற்குப் பிறகு மூச்சு. ஆகவே ஒவ்வோர் அறையிலும் வாயுவை மோப்பம் பிடிக்கும் கருவி ஒன்று இருந்தது. அதுவும், கதவு திறந்திருக்கிறதா, வெப்பம் ஏறுகிறதா என்று பார்க்கும் மற்ற கருவிகளும் அவளுடைய கணினிக்குத் தகவல் அனுப்பிக்கொண்டே இருக்கும். ஏதாவது பிசகினால் திரையின் நடுவில் ஒரு சின்னப் பெட்டி முளைக்கும். என்ன பிசகு என்று ஒரு வரி, அதன் கீழே ‘சரி’ என்றொரு பொத்தான். என்டரைத் தட்டினால் பெட்டி மறைந்து பட்டியலில் போய்ச் சேர்ந்துவிடும், திரையில் அந்த அறைக்கான விளக்கும் பச்சைக்குத் திரும்பிவிடும். பத்து விநாடிக்குள் யாரும் தட்டாவிட்டால் கட்டிடம் முழுவதும் மணி அலறும்.

ஒரு நாளைக்கு நாற்பது பெட்டி வரும். அதில் முப்பத்தொன்பது வெத்துவேட்டு. கதவு அரை நிமிடம் அதிகமாகத் திறந்திருந்தது, பனி உருக்கும் நேரத்தில் வெப்பம் கொஞ்சம் ஏறியது, இப்படி. நாற்பதாவதும் பெரும்பாலும் அதே கதைதான்.

அந்தக் கணினிக்கு இருபது வயதாகிவிட்டது. கிடங்கின் மென்பொருள் வேறு எதிலும் ஓடாது என்பதால் யாரும் அதை மாற்றவில்லை. உப்பு நகரம் என்ற பழைய விளையாட்டும் அதனால்தான் அதில் ஓடியது.

கல்லூரிக் காலத்தில் அவள் அதைப் பெரியப்பா மகனின் வீட்டில் ஆடியிருக்கிறாள். ஒரு நகரத்தின் ஜனங்கள் ஒரே பகலில் காணாமல் போய்விடுகிறார்கள். அடுப்பில் கஞ்சி கொதித்தபடி இருக்கிறது, ஆள் இல்லை. நகரத்துக்கு அடியில் ஏழு தளச் சுரங்கம். ஆறு துணைவர்களைக் கூட்டிக்கொண்டு இறங்கிப் போய் என்ன ஆனது என்று கண்டுபிடிக்க வேண்டும். சுவர்களில் ஜனங்கள் எழுதி வைத்த கடிதங்கள் இருக்கும். கடிதங்களைப் படிக்கத்தான் அவளுக்கு ஆசை. சண்டைதான் அவள் உயிரை வாங்கியது.

நான்கு அடி நடந்தால் திரை கறுக்கும். ‘ஆறு எலிகள்!’ ஒவ்வொரு துணைவனுக்கும் தனித்தனியாக, அடிக்கவா தடுக்கவா ஓடவா என்று சொல்ல வேண்டும். பிறகு ஒவ்வொன்றாகச் செய்தி வரும். வீரன் வாளை வீசினான், என்டர். தவறியது, என்டர். எலி கடித்தது, என்டர். ஒரு எலியைச் சாகடிப்பதற்குள் விரல் நோகும். முடிந்து இன்னும் நான்கு அடி நடந்தால் மறுபடியும் ஆறு எலிகள். அதே எலிகள்தானோ என்று தோன்றும். அந்த நாளில் மூன்றாம் தளத்தோடு கைகழுவிவிட்டாள். யார் சுரங்கத்தின் கதவைத் திறந்துவிட்டது, ஜனங்கள் எங்கே போனார்கள் என்பது இருபது வருடமாக மனசில் முள்ளாகக் கிடந்தது.

விளையாட்டை எங்கிருந்தோ தேடிப் பென்டிரைவில் கொண்டுவந்து கொடுத்தது மாப்பிள்ளை.

மாப்பிள்ளை என்பது அவளுடைய தங்கை புருஷன். கிடங்கில் மெக்கானிக். அவள்தான் சொல்லி வேலை வாங்கிக் கொடுத்தாள். அவள் மாப்பிள்ளை என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு மொத்தக் கிடங்கும் அவனை மாப்பிள்ளை ஆக்கிவிட்டது. காவலாளிகூட, “மாப்பிள்ளை வந்தாச்சா?” என்றுதான் கேட்பார். அவனும் கோபித்துக்கொண்டதில்லை.

வேலை இடத்தில் விளையாடக் கூடாதுதான். ஆனால் எட்டு மணி நேரமும் கண்ணாடியையும் பச்சை விளக்குகளையும் வெறித்துக்கொண்டிருந்தால் மனிதருக்கு மூளை மரத்துப்போகும். ஒரு ஓரத்தில் சின்னதாக வைத்து ஆடினாள். இரண்டாம் வாரமே பழைய எரிச்சல் வந்துவிட்டது. தங்கை வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அதைப் பற்றிப் புலம்பினாள். எழுதியவன் கையில் கிடைத்தால் ஆறு எலியை அவன் சட்டைக்குள்ளேயே விடுவேன் என்றாள். தங்கை சிரித்துக்கொண்டே குழம்பு எடுக்க உள்ளே போனாள். மாப்பிள்ளை, அதற்கு ஒரு வழி இருக்கிறது என்றான்.

மறுநாள் சின்னதாக ஒரு நிரலைப் போட்டுக் கொடுத்தான். இரண்டு விநாடிக்கு ஒருமுறை அதுவே என்டரைத் தட்டும். துணைவர்களெல்லாம் தானாகவே அடிப்பார்கள், செய்திகள் தானாகவே நகரும். நடக்கும்போது என்டர் தட்டினால் ஒன்றும் ஆகாது என்பதால் அதை நிறுத்தவேண்டிய அவசியமும் இல்லை. அவள் நடப்பாள், கடிதம் படிப்பாள். சண்டையை அது பார்த்துக்கொள்ளும். அவள் பேப்பர் ரெஜிஸ்டரில் வெப்பநிலையை எழுதி முடிப்பதற்குள் எலிகள் செத்துக் கிடக்கும். விளையாட்டை மூடிய பிறகும் அது பின்னால் தட்டிக்கொண்டேதான் இருந்தது. அந்தக் கணினியில் யாரும் வேறெதுவும் டைப் செய்வதில்லை. அணைப்பதும் இல்லை. அதனால் யாருக்கும் தெரியவில்லை.

கிடங்கு அமைதியானது அதற்குப் பிறகுதான்.

முதல் இரண்டு நாள் அவள் அதைக் கவனிக்கவில்லை. மூன்றாம் நாள், இன்றைக்கு ஒரு பெட்டியும் வரவில்லையே என்று நினைத்தாள். மதிய ஷிஃப்ட்காரர் பொறுப்பை வாங்கிக்கொள்ள வந்தபோது, நமக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது என்றார். நேற்று மாலை முழுக்க மணி அடிக்கவே இல்லையாம். புதிய கதவு ரப்பர்கள் போட்டதன் பலன் என்று மேனேஜர் முடிவுகட்டி, மேலிடத்துக்கும் அதையே எழுதினார். திரை மட்டும் சில சமயம் லேசாகச் சிமிட்டியது. பழைய மானிட்டர் என்று விட்டுவிட்டார்கள்.

பத்தாம் நாள் வாக்கில், நான்காம் அறைப் பக்கம் போனால் மூக்கு அரிக்கிறது என்று ஒரு டிரைவர் சொன்னார். மாப்பிள்ளை போய்ப் பார்த்தான். குளிர்விப்பானின் வால்வில் கசிவைத் தடுக்கும் பேக்கிங் தேய்ந்திருக்கலாம் என்று எழுதிக் கொடுத்தான். மேனேஜர், பதினைந்து நாளில் வருடாந்திரப் பராமரிப்பு வருகிறது, போர்டில் ஒன்றும் காட்டவில்லையே, அதுவரை பொறு என்றார். ஐந்து நாள் கழித்து இன்னொரு முறை எழுதிக் கொடுத்தான். அதற்குப் பதிலே இல்லை.

அவள் அப்போது உப்பு நகரத்தின் ஐந்தாம் தளத்தில் இருந்தாள். கடிதங்களின் எழுத்து கீழே போகப்போகக் கோணலாகிக்கொண்டே வந்தது.

பத்தொன்பதாம் நாள் காலை பதினொன்றே முக்கால் இருக்கும். ரெஜிஸ்டரில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். வாக்கி-டாக்கியில் மாப்பிள்ளை கூப்பிட்டான்.

“அக்கா, நாலாம் ரூம் வாசல்ல நிக்கறேன். லேசா வாடை வருது. போர்டுல ஏதாவது காட்டுதா?”

அவள் நிமிர்ந்து திரையைப் பார்த்தாள். எட்டு அறைக்கும் எட்டுப் பச்சை விளக்கு.

“ஒண்ணும் இல்ல மாப்பிள்ளை. சுத்தமா இருக்கு.”

“அப்ப சின்னதாத்தான் இருக்கும். உள்ள போய் ஒரு திருகு திருகிட்டு வந்துடறேன்.”

“மாஸ்க் போட்டுக்கங்க.”

“அது கீழ ஸ்டோர்ல இருக்குக்கா. ரெண்டு நிமிஷ வேலைதான்.”

அவள் மறுபடி குனிந்தாள். ஓரக்கண்ணில் ஒரு பெட்டி தோன்றி மறைந்தது. இன்னொரு எலி என்று நினைத்துக்கொண்டாள். ஏழாம் அறையின் வெப்பநிலையை எழுதினாள். எட்டாம் அறையினுடையதை எழுதினாள். மறுபடியும் ஏதோ தோன்றி மறைந்தது. அப்போதுதான், காலையிலிருந்து தான் விளையாட்டைத் திறக்கவே இல்லை என்பது அவளுக்கு நினைவு வந்தது.

பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் திரையையே பார்த்தாள். பெட்டி மூன்றாம் முறை வந்தது. சிவப்பு எழுத்து. ‘அறை நான்கு’ என்பதைப் படித்துவிட்டாள். மீதியைப் படிப்பதற்குள் அது தானே சரி என்று சொல்லிக்கொண்டு போய்விட்டது.

வாக்கி-டாக்கியில் கத்தினாள். பதில் இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், நான்காம் அறை வாசலில் தொங்கிய பிளாஸ்டிக் பட்டைகள் ஒருமுறை ஆடின. உள்ளேயிருந்து ஒரு கை வெளியே வந்து ஒரு பட்டையைப் பிடித்தது. பட்டை அறுந்தது. கை உள்ளே போனது. அவசர நிறுத்தத்தின் கண்ணாடியை வெறும் முஷ்டியால் உடைத்து அழுத்தினாள். மணியைத் தன் கையாலேயே அடித்தாள். கீழே ஃபோர்க்லிஃப்ட் டிரைவர் ஒருவர் சட்டையைக் கழற்றி நனைத்து முகத்தில் கட்டிக்கொண்டு உள்ளே ஓடியதைப் பார்த்தாள். மாடிப்படியில் அவள் எப்படி இறங்கினாள் என்பது பிறகு எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

மாப்பிள்ளைக்கு உயிர் இருந்தது. கண்ணைக் காப்பாற்றிவிட்டார்கள். தொண்டையும் நுரையீரலும் வெந்துபோயிருந்தன. தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்திருந்தார்கள். இப்போதைக்கு எதுவும் சொல்வதற்கில்லை, நுரையீரல் எவ்வளவு தூரம் தாங்கும் என்று போகப்போகத்தான் தெரியும் என்றார் டாக்டர். தங்கை மருத்துவமனை வராந்தாவில் அவள் தோளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நீ மட்டும் மணி அடிக்கலன்னா என்னக்கா ஆகியிருக்கும் என்றாள். அந்த ஒரு வாக்கியத்தைச் சுமந்துகொண்டு அவள் மூன்று நாள் நடமாடினாள்.

நான்காம் நாள் விசாரணைக்கு ஓர் ஆய்வாளர் வந்தார். அதிராமல் பேசுகிற பெண்மணி. மேசை மீது தடிமனாக ஒரு காகிதக் கட்டு. கணினியின் பட்டியலை அச்செடுத்திருந்தார்.

மேனேஜர் முந்திக்கொண்டு, எங்கள் ஆபரேட்டர்கள் எவ்வளவு உஷாரானவர்கள் என்பதை நீங்களே பார்க்கலாம் என்றார். ஆய்வாளர் தலையசைத்தார்.

“பார்த்தேன். பத்தொன்பது நாள், மூணு ஷிஃப்ட், மூணு ஆள். எல்லா அலாரத்துக்கும் ரெண்டு செகண்டுக்குள்ள சரி சொல்லியிருக்கீங்க. ஷிஃப்ட் மாறுற நேரம், நாற்காலில யாரும் இல்லாதப்பகூட.” அவளைப் பார்த்தார். “எப்படி?”

அவள் மறைக்கவில்லை. விளையாட்டை, எலிகளை, நிரலை, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். எழுதிக்கொண்டிருந்த ஆய்வாளர் ஓரிடத்தில் பேனாவை நிறுத்தினார். நிரலை யார் போட்டுக் கொடுத்தது என்று கேட்டார்.

“நானேதான்” என்றாள்.

அன்று மாலை மருத்துவமனைக்குப் போனாள். தங்கை குழந்தையைப் பார்க்க வீட்டுக்குப் போயிருந்தாள். மாப்பிள்ளை கண் திறந்து கிடந்தான். அவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கேட்டுக்கொண்டே வந்தவன் பாதியிலேயே புரிந்துகொண்டான் என்பது அவன் முகத்தில் தெரிந்தது. பிறகு நோட்டுப் புத்தகத்தைக் காட்டினான். எடுத்துக் கொடுத்தாள். ஒரு வரி எழுதினான்.

‘நான் போட்டேன்னு உங்க தங்கச்சிகிட்ட சொல்லாதீங்க.’

அவள் அந்தத் தாளைக் கிழித்து மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

அவளுக்கு வேலை போனது. விசாரணை அறிக்கையில் விளையாட்டு இரண்டு பக்கத்துக்கு வந்தது. வால்வைப் பற்றி மாப்பிள்ளை இரண்டு முறை எழுதிக் கொடுத்தது ஒரே வரியில் முடிந்தது. மேனேஜர் அதே நாற்காலியில்தான் இருக்கிறார்.

அறிக்கை வந்த மறுநாள் தங்கை அவள் வீட்டுக்கு வந்தாள். காலணியைக் கழற்றவில்லை. உட்காரவும் இல்லை.

“நாலாம் ரூம் அலாரம் மட்டும் எத்தனை தடவை வந்துச்சு?”

சொல்லாமல் இருந்திருக்கலாம். தெரியாது என்றிருக்கலாம். ஆனால் ஆய்வாளர் காட்டிய தாளில் அந்த எண் சிவப்பு மையில் வட்டமிட்டிருந்தது. அதற்குப் பிறகு அதை மறக்கவே முடியவில்லை.

“முப்பத்தொண்ணு.”

தங்கை அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். பிறகு கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள். ஓங்கிச் சாத்தக்கூட இல்லை.

நான்கு மாதம் கழித்து மாப்பிள்ளை வீட்டுக்கு வந்தான். தொண்டைத் துளையை மூடிவிட்டார்கள். பத்து வார்த்தை பேசினால் இருமல் பிடித்துக்கொள்ளும். மாடிப்படி ஏறக் கூடாது. தங்கை, குழந்தைக்காக, ஞாயிற்றுக்கிழமைகளில் அவளை வர விடுகிறாள். வா, உட்கார், சாப்பிடு என்று மூன்று வார்த்தை. அதற்கு மேல் இல்லை. பெரியம்மா மடியில் குழந்தை ஏறினால் தங்கையின் கண் அங்கேயே இருக்கும்.

போன ஞாயிறு, தட்டை எடுக்க வந்த தங்கையின் கையை மாப்பிள்ளை பிடித்தான். அக்காவைப் பார்த்துக்கொண்டே தங்கையிடம், “உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்” என்று ஆரம்பித்தான். “அந்தக் கம்ப்யூட்டர்ல...”

இருமல் வந்துவிட்டது. முன்பெல்லாம் வந்ததுபோல் இல்லை. நிற்காமல், உள்ளே எதையோ பிய்த்துக்கொண்டு வருவதுபோல வந்தது. உதட்டோரம் நீலம் பாய்ந்தது. தங்கை ஓடிப்போய் ஆக்ஸிஜன் முகமூடியை எடுத்து வந்து வைத்து, முதுகைத் தடவிவிட்டாள்.

“டாக்டர் பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்கார்ல. அவங்களுக்குப் பரிஞ்சு பேசி இன்னும் நீங்க மூச்சை வீணாக்கணுமா?”

முகமூடிக்கு மேலே அவன் கண்கள் அக்காவைத் தேடின. அவள் மெல்லத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. குழந்தையை மடியிலிருந்து இறக்கிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். தெருமுனை வரையில் அந்த இருமல் கேட்டது.