உள்பக்கம் திறக்கும் கதவு

1

இந்தக் கதை ஒரு கரும்பலகையிலிருந்து வந்தது. எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஒரு வகுப்பு நடக்கும். நடத்துகிறவர் அரசாங்கத்தில் கட்டட ஆய்வாளர். பலகையில் நான்கு பெட்டிகள் வரைவார்: நம்பிக்கை, கல்வி, அரசு, பண்பாடு. பிறகு நடுக்கோடுகளைத் துணியால் துடைத்துவிட்டுத் திரும்புவார். "இப்பச் சொல்லுங்க, கர்த்தர் எந்தப் பெட்டியில இருக்கார்?" எங்களுக்குச் சிலிர்த்துவிடும்.

அவரை வைத்துச் சாதுவாக ஒரு கதை எழுத உட்கார்ந்தேன். அது என் கையை உதறிக்கொண்டு ஓடிவிட்டது.

2

முதல் தொடக்கம்: "போதகர் ஒரு சூழ்ச்சிக்காரர். அவர்—"

அடித்துவிட்டேன். இந்தப் போதகர் வெயிலில் செங்கல் சுமந்து பள்ளி கட்டியவர். (வில்லன் இருந்தால் எனக்கும் சுலபம், உங்களுக்கும் சுலபம். இல்லையே, என்ன செய்ய?)

இரண்டாவது தொடக்கம்: செவ்வாய்க்கிழமை காலை, வருடாந்தர ஆய்வுக்காக, சபைப் பள்ளியின் இரண்டாம் மாடி வகுப்பறையில் ஆய்வாளர் அவசரக் கதவைத் தள்ளினார். அசையவில்லை.

"பூட்டியிருக்கா டீச்சர்?"

"இல்லீங்க ஐயா. இழுக்கணும்."

இழுத்தார். வெண்ணெய் மாதிரி திறந்தது. அவர் மறுபடி சாத்தி, மறுபடி இழுத்துப் பார்த்தார்.

3

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். இதையெல்லாம் விளக்குவதென்றால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். புகை வந்தால் கூட்டம் கதவை நோக்கி ஓடும். முன்னால் நிற்பவரைப் பின்னால் இருப்பவர்கள் நெருக்குவார்கள். கதவை உள்ளே இழுக்க ஓரடி பின்வாங்க வேண்டும். அந்த ஓரடி கிடைக்காது. அத்தனை பேருடைய எடையும் சேர்ந்து கதவைச் சாத்தியே வைத்திருக்கும், பூட்டே தேவையில்லை. அதனால்தான் அவசரக் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும் என்பது சட்டம்.

அறையில் நாற்பத்திரண்டு பிள்ளைகள்.

4

"இதுக்கு எந்த மடையன் கையெழுத்துப் போட்டான்?"

வராந்தாவில் நின்று கத்தினார். போதகரே ஓடிப்போய்க் கோப்பை எடுத்துவந்தார். போன வருடப் படிவம். 'அவசரக் கதவு வெளிப்பக்கம் திறக்கிறது' என்ற வரிக்கு நேரே ஒரு டிக். கீழே ஆய்வாளருடைய சொந்தக் கையெழுத்து.

(இந்த இடத்தில் நான் எழுதுவதை நிறுத்தி எழுந்துபோனேன். இது என் திட்டத்தில் இல்லை.)

போன வருடம் அவர் கையெழுத்துப் போட்ட அன்றைக்குப் பள்ளியின் பிரதிஷ்டை, திறப்பு விழா. கீழ்த்தளத்தில் அவரைத்தான் ஜெபிக்கச் சொன்னார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டே, பிரசங்க மேடை மீது படிவத்தை வைத்து, மளமளவென்று டிக் அடித்தார். நம் சபை, நம் ஆட்கள், சரியாகத்தானே கட்டியிருப்பார்கள்? நடுக்கோட்டைத்தான் அழித்தாயிற்றே.

"என்ன பிரதர், முகமே வெளுத்துப்போச்சு?"

"நான் அன்னைக்கு மாடி ஏறவே இல்ல, பாஸ்டர்."

போதகர் கோப்பை மூடினார். பிறகு தாழ்ந்த குரலில், "மத்தியானமே கார்பென்டரைக் கூப்பிட்டுக் கதவைத் திருப்பி மாட்டிடறேன். பழைய பேப்பரை எதுக்குக் கிளறணும்? உங்க வேலை போயிடும். பள்ளிக்கூடத்தைப் பூட்டிருவாங்க. இந்த ஒரு கதவுதானே?"

ஆய்வாளர் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். அதே வருடம், அதே மாதிரி, ஜெபித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டவை.

"நம்ம ஆட்களோட பள்ளிக்கூடம் இன்னும் ஆறு இருக்கு."



5

எனக்கு இரண்டு முடிவுகள் தோன்றின. ஒன்று: விடுப்புப் போட்டுவிட்டு ஆறு பள்ளிக்கும் கமுக்கமாகப் போய்ப் பார்ப்பது; அதற்குள் எங்கும் புகை வராது என்று நம்பிக்கொண்டு. இரண்டு: இப்போதே எழுதிக் கொடுப்பது. இன்றைக்கே ஏழு பள்ளிகளையும் மூடுவார்கள். அவரையும்—

அதற்குள் இடைவேளை மணி அடித்துவிட்டது.

உள்ளே நாற்பத்திரண்டு பேரும் வராந்தாக் கதவுக்குப் பாய்ந்தார்கள். அது சாதாரண வகுப்பறைக் கதவு; உள்பக்கம்தான் திறக்கும். முன்னால் மாட்டிக்கொண்ட பிள்ளையின் குரல் கேட்டது: "ஏய், தள்ளாதீங்கடி! இழுக்க விடுங்கடி!"

சிரிப்பும் கூச்சலுமாகக் கதவு குலுங்கியது. திறக்க எவ்வளவு நேரம் ஆனதென்று ஆய்வாளர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பேனாவைத் திறந்தார்.

"கடந்த ஆண்டு நான் மாடி ஏறாமலேயே

இதற்குமேல் என் கை ஓடவில்லை. வாக்கியத்தை நீங்கள் முடியுங்கள். எழுதும்போது அந்தக் குரல் காதில் விழட்டும்.