கடைசிக் குழியின் மண்வகை

கடலோரச் சமவெளியில் வெட்டிய கடைசிக் குழி, கல்யாணமான ஒரு மனிதர்மேல் ஆசைப்பட்டது என்பது எங்கள் குடியிருப்பில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தண்ணீர் லாரி எந்தக் கிழமை வரும் என்பதுதான் யாருக்கும் தெரியாது. அந்த மனிதர் மண் ஆய்வு அலுவலகத்தில் வெளிவேலை பார்த்தார். ஆள் உயரத்துக்குக் குழி வெட்டி, உள்ளே இறங்கி, அடுக்கடுக்காக மண்ணைப் பார்த்து எழுதுவதே பிழைப்பு என்பதால் அவரைக் குழிக்காரர் என்போம். மனைவி அதே அலுவலகத்தின் சோதனைக்கூடத்தில் இருந்தாள். அவர் கொண்டுவரும் மண்ணைக் காயவைத்து, சலித்து, கண்ணாடி ஜாடித் தண்ணீரில் குலுக்கி, எது உடனே அடியில் இறங்குகிறது, எது கடைசிவரை கலங்கலாகவே நிற்கிறது என்று பார்ப்பது அவள் வேலை. அவளைச் சல்லடைக்காரி என்போம். முகத்துக்கு நேராக அல்ல. அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர்தான். காதைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டா உட்கார முடியும்?

சமவெளியைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. மேலே ஒரு சாண் சாம்பல் நிறம், அதுவும் உதிர்ந்த இலை மக்கிய புண்ணியத்தில். அதன் கீழே மழை கழுவிக் கழுவி வெளுத்துப்போன மணல். அதற்கும் கீழே மஞ்சள் மணல், கடப்பாரை போகும் ஆழம்வரை. ஒரு துகளுக்கும் அடுத்த துகளுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது, எல்லாம் தனிக்குடித்தனம். ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் குடத்தை நிமிர்த்துவதற்குள் மண் காய்ந்திருக்கும். போட்ட உரம் அடுத்த மழையோடு கடலுக்குக் கிளம்பிவிடும். குழி வெட்டினால் சுவர் நிற்காமல் சரிந்து, வெட்டியவரின் முழங்காலை மூடும். இப்படிப்பட்ட மண்ணை வகை பிரிப்பது லேசு. கொஞ்சம் ஈரமாக்கி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து மெல்லத் தள்ள வேண்டும். களிமண் நாடா மாதிரி நீண்டு வரும். மணல் உதிர்ந்துவிடும், உருண்டைகூடப் பிடிக்க முடியாது. குழிக்காரர் சமவெளி முழுக்க வெட்டி, விரலைத் தேய்த்து, மணல், மணல் என்றே எழுதிக்கொண்டு போனார். கடைசிக் குழியில் மண் அவர் விரலிலிருந்து நாடாவாக இறங்கி, முழங்கைவரை தொங்கியும் அறுந்து விழாமல் காற்றில் ஆடியது. கண்ணால் பார்ப்பதைவிடக் கையால் தொடுவதை நம்புவது அந்தத் தொழிலின் பழக்கம். அவர் களிமண் என்று எழுதினார்.

அதே குழி மண் பையில் கட்டி மனைவியின் மேசைக்கு வந்தது. சல்லடையில் கொட்டினாள், மணல். ஜாடியில் குலுக்கினாள், கண் இமைப்பதற்குள் எல்லாம் அடியில் உட்கார்ந்துகொண்டது, மேலே குடிக்கலாம்போல் தெளிந்த தண்ணீர். அவள் மணல் என்று எழுதினாள். வெளிவேலைக்காரரும் சோதனைக்கூடக்காரரும் ஒரே பெயருக்குக் கையெழுத்துப் போட்டால்தான் வரைபடம் அச்சுக்குப் போகும். மேலதிகாரி இருவரையும் கூப்பிட்டு, “ஒரே வீட்லதான இருக்கீங்க, அங்கயே பேசி முடிச்சிட்டு வாங்க” என்று அனுப்பிவிட்டார். எங்களுக்குப் பொழுதுபோக்கு கிடைத்தது அப்படித்தான்.

பேசி முடியாததால் அலுவலகமே ஜீப்பில் ஏறிக் குழிக்குப் போனது. மேலதிகாரி தொட்டார், உதிர்ந்தது. எழுத்தர்கள் தொட்டார்கள், உதிர்ந்தது. குழிக்காரர் தொட்டதும் நாடா அவர் மணிக்கட்டைச் சுற்றி ஒரு வளையம் போட்டுக்கொண்டு கீழே இறங்கியது. “சாருக்குக் கைராசி!” என்றார் ஜீப் ஓட்டுநர். சொல்லிவிட்டுச் சல்லடைக்காரியின் முகத்தைப் பார்த்தவர், டயரில் காற்று இருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டார்.

அன்று மாலை சுவர் வழியே வந்தது இது.

“யாருகிட்டயும் ஒட்டாத மண்ணு உங்ககிட்ட மட்டும் எப்படிங்க குழையுது?”

“அது மண்ணும்மா. வெறும் மண்ணு.”

“வெறும் மண்ணா? சட்டையத் துவைச்சுக் காயப்போட்டா பையில மறுபடி வந்து உக்காருது. நான் கூட்டித் தள்ளினா வாசல்ல நிக்குது. நீங்க வந்தா காலுக்கடியில போகுது. வெறும் மண்ணாம்!”

“அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?”

“குழிக்குப் போறதுக்கு எதுக்குங்க தலை வாருறீங்க?”

இந்தக் கேள்வியை நாங்களும் கேட்க நினைத்திருந்தோம். அவர் தலை வாரியது மட்டுமல்ல, சாப்பாட்டுப் பாத்திரத்தையும் குழிக்கே கொண்டுபோனார். மற்றவர் இறங்கினால் சரியும் சுவர், அவர் இறங்கினால் சிமெண்டுப் பூச்சு மாதிரி நிமிர்ந்து நின்று, உச்சி வெயிலில் நிழலும் கொடுத்தது. திரும்பி வரும்போது அவர் முகத்தில் ஒரு மினுமினுப்பு இருந்ததாக எதிர்வீட்டில் சொன்னார்கள். நாங்கள் அவ்வளவு தூரம் போகவில்லை, திருப்தி இருந்தது என்று மட்டும் சொல்லலாம்.

மழைக்காலங்கள் வந்து போயின. மேலதிகாரி மாறினார், புதியவரும் அதே வாசகத்தைச் சொன்னார். மற்ற வரைபடங்கள் அச்சாகிச் சுவரில் தொங்கின. இந்த ஒன்று மட்டும் நடுவில் நிறமில்லாத ஒரு வட்டத்தோடு மேசையில் சுருண்டு கிடந்தது. வீட்டில் இரண்டு பேரும் மண்ணைத் தவிர வேறு எதையும் பேசுவதில்லை என்ற நிலை வந்து, பிறகு அதையும் பேசுவதில்லை என்றானது. சுவருக்கு இந்தப் பக்கம் எங்களுக்கே சங்கடமாக இருந்தது. சல்லடைக்காரியின் தங்கை ஊரிலிருந்து வந்து, “மண்ணைப் பாத்து யாராவது பொறாமைப்படுவாங்களாக்கா?” என்று கேட்டாள். “அந்த நாடாவ நீ பாத்தியா? பாக்காம பேசாத” என்றாள் அக்கா. தங்கை அடுத்த வண்டிக்கே கிளம்பினாள். இவள் ஒரு நாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு பின்னாலேயே போய்விடுவாள் என்று நாங்கள் முடிவு கட்டியிருந்தோம்.

அவளுக்குப் பொறாமை என்று நாங்கள் நினைத்தது பாதிதான் சரி. ஒரு மத்தியானம், துணி காயப்போடுகிற சாக்கில் சுவருக்கு மேலே பார்த்தபோது, சல்லடைக்காரி கொல்லையில் உட்கார்ந்து, சோதனைக்கூடத்திலிருந்து கொண்டுவந்த குழி மண்ணில் கரண்டியால் தண்ணீர் விட்டு, கட்டைவிரலால் தள்ளிக்கொண்டிருந்தாள். உதிர்ந்தது. மறுபடி அள்ளினாள், மறுபடி உதிர்ந்தது. “காய வெச்சது நானு, சலிச்சது நானு, துகள் துகளா எண்ணாத குறையா பாத்தது நானு. வந்துட்டுப் போறவரு தொட்டா மட்டும் இழைஞ்சுக்கிட்டு வரியா?” என்று கையைப் பார்த்துக் கேட்டாள். பொறாமை குழியின்மேல் இல்லை, புருஷன்மேல் என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. இத்தனை நாள் அவளுக்காக நாங்கள் செலவழித்த பரிதாபம் எல்லாம் தவறான விலாசத்துக்குப் போயிருந்தது.

மறுநாள் அவள் வேலைக்குப் போகவில்லை. பெட்டியோடு போய்விட்டாள் என்றுதான் குழிக்காரரும் பயந்திருக்க வேண்டும், வீட்டுக்கு ஓடி வந்து பரணைப் பார்த்தார். பெட்டி அங்கேயே இருந்தது. உடனே ஜீப்பைக் குழிக்கு விடச் சொன்னார். மேலதிகாரி வரைபடத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கூடவே ஏறினார். இடம் இருந்ததால் நாங்களும் ஏறினோம்.

குழியின் நான்கு சுவர்களும் சரிந்திருந்தன. நடுவில் சல்லடைக்காரி இடுப்புவரை மணலில் நின்றுகொண்டிருந்தாள். அலறவில்லை, கை நீட்டவில்லை. ஓட்டுநர் கயிறு கட்டி இழுத்துப் பார்த்தார், அசையவில்லை. எதையும் பிடித்துவைக்கத் தெரியாத மண் அவளை விடமாட்டேன் என்றது. குழிக்காரர் குனிந்து வாரினார். விரல் இடுக்கு வழியாக அத்தனையும் வழிந்து போனது. அவசரமாக எச்சில் தொட்டு, கட்டைவிரலால் தள்ளினார். உதிர்ந்தது. அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததை நாங்கள் பார்த்தோம். உள்ளே அவள் ஒரு பிடி அள்ளி மெல்லத் தள்ள, நாடா நீண்டு, அவள் தோளில் ஏறி, கழுத்தைச் சுற்றிப் படுத்துக்கொண்டது.

“என்னடி பண்ணின அத?”

“ஒண்ணும் பண்ணலங்க. கேட்டேன்.”

“என்னன்னு?”

“உனக்கு என்கிட்ட என்ன குறைன்னு.”

“அது என்ன சொல்லுச்சு?”

“அது எனக்கும் அதுக்கும் நடுவுல.”

குழிக்காரரின் முகம் போன போக்கைப் பார்த்து ஓட்டுநர் மறுபடி டயர் பக்கம் போனார். மேலதிகாரி, விட்டால் பிடிக்க முடியாது என்று, வரைபடத்தை அங்கேயே விரித்துப் பேனாவைக் கொடுத்தார். குழிக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு மணல் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மேலதிகாரிக்கு வந்த சந்தோஷம் கொஞ்ச நேரம்தான். தாளைக் குழிக்குள் நீட்டியதும் அவள் அதை இடுப்பைச் சுற்றியிருந்த மணல்மேல் பரப்பி, நிதானமாக, களிமண் என்று எழுதினாள்.

சாயங்காலம் மண் தானாகவே தளர்ந்து அவளை விட்டது. அதிலிருந்து வாரம் ஒருமுறை அவள் தலை வாரிக்கொண்டு கிளம்புகிறாள். குழிக்காரரும் கூடவே போய், சாப்பாட்டுப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருக்கிறார். வீட்டில் மறுபடி பேச்சு நடக்கிறது. “உனக்கு இன்னிக்கு எவ்வளவு நீளம் வந்துச்சு?” என்று அவர் கேட்பதும், “உங்களுக்கு எதுக்கு?” என்று அவள் சொல்வதும் சுவர் தாண்டித் தெளிவாகவே கேட்கிறது. வரைபடம் அச்சாகிவிட்டது. அந்த இடத்தில் இரண்டு நிறத்தையும் கோடு கோடாகப் போட்டு, கீழே சின்ன எழுத்தில், ‘கணவருக்கு மணல், மனைவிக்குக் களிமண், நிலவரம் மாறுதலுக்கு உட்பட்டது’ என்று குறித்திருக்கிறார்கள். வீடு கட்ட இடம் தேடி வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டு, பக்கத்து நிலத்தைப் பார்க்கப் போகிறார்கள்.