ஒன்றரைச் சாண்

யூனுஸ் பாய் துபாயில் இருக்கிறார். மயிலாடுதுறையில் அவர் கட்டப்போகும் வீட்டை முன்கூட்டியே கம்ப்யூட்டரில் கட்டி, வீடியோவில் சுற்றிக் காட்டுவது என் வேலை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். புதன்கிழமை என் கம்ப்யூட்டரில் படங்களை உருவாக்கும் கிராபிக்ஸ் கார்டு புகைந்துபோனது.

மறுநாள் என் கணவர் குணசேகரன் தஞ்சாவூரில் புது கார்டு வாங்கப் புறப்பட்டார். எங்கள் வீட்டில் அளவு டேப் தேவைப்படும்போது கிடைத்ததாகச் சரித்திரம் இல்லை. நானே கையை விரித்து, கம்ப்யூட்டர் பெட்டியின் உள்நீளத்தை அளந்து சொன்னேன்: ஒன்றரைச் சாண்.

கடையிலிருந்து போன் வந்தது. கடைக்காரப் பெண் ஷமாதான் பேசினாள்.

"அக்கா, மூணு கம்பெனி கார்டு இருக்கு. மூணுலயும் ஒரே சிப்புதான். அதுக்கு மேல ஃபேன், தகடு, லைட்டுன்னு அவங்கவங்க இஷ்டத்துக்குப் போட்டு விக்கிறாங்க. பெருசுல சூடும் சத்தமும் கொறையும், வேகம் நூத்துக்கு ரெண்டு மூணுதான் கூட. உங்களுக்கு ரெண்டு ஃபேன் வச்ச சின்னதே போதும்."

நான் கேட்பேனா? மூன்று ஃபேன் என்று காதில் விழுந்த பிறகு இரண்டு ஃபேன் மனதில் ஏறவில்லை. "பெட்டில இடம் பத்துமான்னு மட்டும் அவர பாக்கச் சொல்லுங்க" என்றேன்.

இவர் கார்டின்மேல் தன் கையை விரித்து அளந்து, "தாராளமா பத்தும்" என்றார்.

வெள்ளி காலை மாட்டினால் இரண்டு விரல் அகலத்துக்கு இடிக்கிறது. ஷமாவைத் திட்டினேன். பிறகு இவரைத் திட்டினேன். வீடியோ தயாராகவே ஆறு மணி நேரம் வேண்டும். தஞ்சாவூர் போய் மாற்றிவர நேரமில்லை. அழுகை வந்துவிட்டது.

"பெட்டி எதுக்கு? வெளிய வச்சு மாட்டு" என்று இவர் மணைப் பலகையைக் கொண்டுவந்து வைத்தார். எங்கள் கல்யாணத்துக்குப் போட்ட மணை. கம்ப்யூட்டரின் உள்பாகங்களைக் கழற்றி அதன்மேல் பரப்பி, கார்டைச் செருகினேன். ஓடியது.

பதினொரு மணிக்கு அறுவடை மெஷின் வந்து வீட்டை ஒட்டிய எங்கள் வயலில் இறங்கப் பார்த்தது. வைக்கோல் தூசி உள்ளே வந்தால் திறந்து கிடக்கும் கம்ப்யூட்டர் அவ்வளவுதான். இவர் செருப்பில்லாமல் ஓடினார்.

"மொதல்ல வாய்க்காலடி வயல அறுங்க."

"அங்க ஈரம் காயலங்க, வண்டி மாட்டிக்கும்" என்றார் டிரைவர் பரிதி.

"மாட்டுனா நான் தள்றேன்."

இரண்டு முறை மாட்டியது. இரண்டு முறையும் தள்ளினார்.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வீடியோ போய்ச் சேர்ந்தது. "வீடு நல்லாருக்கு ஜெயபாரதி. மாடிப்படிய மட்டும் கொஞ்சம் அகலமாக்குங்க" என்று பதில் வந்தது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

இவர் முழங்கால் வரை சேற்றோடு வந்தார். கையை விரிக்கச் சொல்லி என் கையை அதன்மேல் வைத்தேன். என் விரல் நுனி அவருடைய கடைசிக் கணுவைத்தான் தொட்டது. கல்யாணமாகிப் பதினோரு வருடம். இன்றுதான் ஒத்துப் பார்க்கிறோம்.

"நாளைக்கு அந்தச் சின்னதையே மாத்தி வாங்கியாந்துடறேன்" என்றார்.

"நானும் வர்றேன். என் கையால அளக்கணும்" என்றேன். சேறு ஒட்டியது. நான் கையை எடுக்கவில்லை.