டேப்பட் சத்தம்

மாமா தன் காரிலிருந்து கழற்றி வந்த பேட்டரியை மாட்டிவிட்டு, "இப்ப ஸ்டார்ட் பண்ணு" என்றார். அவள் சாவியைத் திருப்பினாள். இன்ஜின் சுற்றியது. நன்றாகவே சுற்றியது. பற்றிக்கொள்ளத்தான் இல்லை.

"பேட்டரின்னு சொன்னே?"

மாமா பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். துக்கத்துக்கு வந்தவர்களைக்கூட டிக்கெட் இல்லாமல் ஏறியவர்களைப் போலத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேட்டரியும்தான் மாமா. வேற என்னமோ இருக்கு. பாக்கறேன்."

"நாலு மணிக்கு எடுக்கணும். உங்கம்மா இந்த வண்டியிலதான் எடுக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. ஆகாதுன்னா இப்பவே சொல்லிடு."

"ஆகும்."

முன்னறையில் அப்பா கிடந்தார். முப்பது வருடம் ஊரார் வீட்டுக் கட்டிலையும் பீரோவையும் இந்த பிக்கப்பில் ஏற்றி இறக்கியவர். முந்தின நாள்தான் முடிவெட்டிக்கொண்டு வந்திருந்தார். "எல்லாத்துக்கும் தயாராத்தான் இருந்திருக்காரு" என்று வந்தவர்கள் வியந்தார்கள். கடைசியாக என்ன சொன்னார் என்று காலையில் சித்தி கேட்டபோது அவள் "ஒண்ணும் சொல்லல" என்றாள். அதில் சித்திக்குத் திருப்தியில்லை. மதியத்துக்குள், "குடும்பத்தப் பாத்துக்கோன்னு மக கையப் புடிச்சாராம்" என்று திருத்தி வெளியிட்டுவிட்டாள்.

விடிகாலையில் ஆஸ்பத்திரிக்குப் போக ஏற்றிய இந்த பிக்கப்பின் முன்சீட்டில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபடி அப்பா சொன்னது, "போதும் விடும்மா, பேட்டரி இறங்கிடும்" என்பதுதான். அதற்குப் பிறகும் அவள் எட்டு முறை சாவியைத் திருப்பினாள். இருபது நிமிடத்தில் வருகிறேன் என்ற ஆம்புலன்ஸ் சொன்னபடி வந்தது. அப்பாவிடம் பதினைந்துதான் இருந்தது.

இன்ஜின் தலையில் இருந்த வால்வு மூடியைக் கழற்றினாள். வேறு ஏதாவதாக இருக்கட்டும் என்று காலையிலிருந்து வேண்டிக்கொண்டிருந்தாள். டீசல் அடைப்பு, ஃபில்டர், யார் தவறாகவும் இல்லாத ஏதோ ஒன்று.

நேற்றுவரை இந்த வண்டி டிக்டிக்கென்று தெருமுனையிலிருந்தே தன் வரவை அறிவிக்கும். அதைக் கேட்டுத்தான் அம்மா எழுந்து போய் கேட்டைத் திறப்பாள். "தையல் மிஷின் வந்துடுச்சு" என்பார் எதிர்வீட்டு டெய்லர். பாதி நாள் வண்டியை ஓட்டுபவள் அவள், மானம் போனது. அப்பாவுக்குப் போகவில்லை. "டேப்பட் பேசினா பேசிட்டுப் போகட்டும். பேசாம இருந்தாத்தான் பயப்படணும்." டேப்பட்டில், அதாவது வால்வுக்கும் அதை அமுக்கும் ராக்கருக்கும் நடுவே, கால் மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும், அதையும் இன்ஜின் முழுக்க ஆறிய பிறகுதான் தொட வேண்டும் என்பது அவர் சட்டம்.

நேற்று மாலை சவாரி முடிந்து வந்த சூட்டோடு, அவர் முடிவெட்டப் போன ஒரு மணி நேரத்தில், ராக்கர்களின் எட்டு ஸ்க்ரூவையும் சத்தம் அடங்குகிற அளவுக்கு இறுக்கிவிட்டாள். இடைவெளி அளக்கும் தகட்டுக் கேஜை வைத்துப் பார்க்கவில்லை. வண்டி பூனை மாதிரி நின்று ஓடியது. டெய்லர் கைதட்டினார். திரும்பி வந்த அப்பா தலையைச் சாய்த்துக் கேட்டார். "ரொம்ப அமைதியா இருக்கே" என்றார். அவள் விரல்களில் இருந்த கரியைப் பார்த்தார்.

இப்போது புல்லியை ஸ்பேனரால் திருப்பி முதல் பிஸ்டனை மேலே கொண்டுவந்து, ராக்கரை விரலால் அசைத்தாள். அசையவில்லை. அடுத்ததும் அப்படியே. இரவெல்லாம் ஆறிச் சுருங்கிய இரும்பு, வால்வுகளை மூடவிடாமல் அமுக்கிப் பிடித்திருந்தது. காலையில் அவள் சுற்றியதெல்லாம் ஓட்டை பலூனை ஊதிய கதை.

டூல்பெட்டியில் கேஜைத் தேடினாள். இல்லை.

"இதையா தேடறே?" அம்மா பின்னால் நின்றிருந்தாள். "அப்பா சட்டைய மாத்தறப்ப பையில இருந்துச்சு."

தகடுகளில் ஒன்று மட்டும் தனியே வெளியே இழுத்து வைக்கப்பட்டிருந்தது. கால் மில்லிமீட்டர்.

"விடியறதுக்குள்ள எழுந்து எடுத்து வச்சிக்கிட்டாரு. இன்ஜின் ஆறியிருக்கும், அவ எழுந்திரிக்கறதுக்குள்ள முடிச்சிடறேன்னாரு. வாசல்ல இறங்கறப்பவே நெஞ்சப் புடிச்சிக்கிட்டாரு."

"என்ன முடிக்கறேன்னாரு?"

"எனக்கென்ன தெரியும்? உன்கிட்ட சொல்லலியா?"

"இல்லம்மா."

அம்மா உள்ளே போனாள். அவள் நட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூவைப் பின்னுக்குத் திருப்பி, தகட்டை நுழைத்தாள். லேசாகப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். வந்தது. ஸ்க்ரூ நகராமல் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்கினாள். அடுத்தது. புல்லியைத் திருப்பி அதற்கடுத்தது. இப்படியே எட்டையும் முடித்தாள்.

மூடியைப் போடும்போது மாமா வந்தார். "என்ன கோளாறாம்?"

"டேப்பட் டைட்டா இருந்துச்சு."

"யாரு வச்சது?"

அவள் கடைசி போல்ட்டை இறுக்கினாள். அது ஏற்கெனவே இறுகியிருந்தது.

"அவராத்தான் இருக்கும்" என்று மாமாவே சொன்னார். "சும்மா இருக்க மாட்டாரே மனுஷன், நோண்டிக்கிட்டே இருப்பாரு. கடைசியில தன் கையே தன் கழுத்த அறுத்துடுச்சு பாரு."

அவள் கைகளைப் பழந்துணியில் துடைத்தாள். மாமா செய்தியோடு உள்ளே போனார். உள்ளே நாலைந்து பேர் "அடடா" என்றார்கள்.

வண்டியில் ஏறிச் சாவியைத் திருப்பினாள். ஒரே முறை. டிக்டிக், டிக்டிக்கென்று இன்ஜின் பேச ஆரம்பித்தது.

அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்தாள். வழியில் இருந்தவர்களை விலக்கிக்கொண்டு, முற்றத்தில் நின்ற வண்டியைத் தாண்டிப் போய், கேட்டை அகலத் திறந்தாள். செங்கல்லைக் காலால் தள்ளி முட்டுக்கொடுத்தாள். பிறகு, தினமும் செய்வது போலவே, வண்டி உள்ளே வர வழிவிட்டு, ஓரமாக ஒதுங்கி நின்றாள்.