நாற்பது கண்ணியில் தொடங்கிய துண்டு

பஸ் ஓட்டுநருக்கு வலது கை முறிந்து, கட்டுப் பிரித்த பிறகும் விரல்கள் சரியாக மடங்கவில்லை. "ஏதாவது பின்னிப் பழகுங்க, விரல் தானா வழிக்கு வரும்," என்றார் டாக்டர். மனைவி இரண்டு பின்னல் ஊசிகளும் பருத்தி நூலும் வாங்கி வந்தாள். முதல் வேலையாக அடுப்படிக்கு ஒரு கைத்துண்டு.

ஊசியில் நாற்பது கண்ணி, அதாவது நூல் வளையம், போட்டுத் தொடங்கினார். வரிசைக்கு வரிசை அவருக்கே தெரியாமல் கண்ணி கூடிக்கொண்டு போனது. மூன்று வாரம் கழித்து முடித்துப் பார்த்தால், துண்டின் அகலம் ஒரு முனையில் ஒரு சாண், மறுமுனையில் ஒன்றரைச் சாண்.

"பாவாடை மாதிரி இருக்கு. பிரிச்சுடறேன்."

"பிரிச்சா எனக்குக் கெட்ட கோவம் வரும்!" பாத்திரம் கழுவிய ஈரக் கையோடு வந்து அவள் துண்டைப் பிடித்து இழுத்தாள். அவர் விடவில்லை. இன்னும் பலமாக இழுத்தாள். துண்டு வரவில்லை.

"எந்தக் கையால புடிச்சிருக்கீங்க, பாருங்க," என்றாள் மெதுவாக.

குனிந்து பார்த்தார். காலையில்கூட டம்ளரை நழுவவிட்ட வலது கை, ஐந்து விரல்களாலும் துண்டை இறுக்கிப் பிடித்திருந்தது.

"அடுத்தது நேரா பின்னிடறேன்," என்றார்.

"கோணலாவே பின்னுங்க. தண்ணி நல்லா இழுக்குது," என்று அவள் அதிலேயே கையைத் துடைத்து, கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.