'போன தடவை' என்று ஒரு சாட்சி

1
இந்தக் கதை நானாக யோசித்ததல்ல. நீதிமன்றத்தில் சாட்சியங்களைத் தட்டச்சு செய்கிற வேலையில் கைக்கு வந்தது. இருபத்திரண்டு வருஷமாக அடுத்தவர் சொன்னதையே அடித்துச் சலித்துவிட்டது. ஒன்றையாவது நானாக எழுதலாமே என்று உட்கார்ந்தேன்.

'தையல் மெஷின் மெக்கானிக் ஒருவர் திருட்டு மெஷினை, தெரிந்தே...'

(வேண்டாம். தெரிந்தா தெரியாமலா என்பதுதான் வழக்கே. முதல் வரியிலேயே தீர்ப்பு எழுதினால் எப்படி?)

2
மெக்கானிக்கின் கடையில் பிடிபட்ட மெஷின், ஒரு துணிப் பட்டறையிலிருந்து களவு போன ஒன்று. "தெரியாம வாங்கிட்டேங்க" என்றார். மூன்று வருஷத்துக்கு முன்பும் இதேபோல் மாட்டித் தண்டனை அடைந்தவர். [இதைச் சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். சொன்னதும் அவர் முகம் உங்களுக்கு மாறிவிட்டது, இல்லையா?]

அரசு வக்கீல் அந்தப் பழைய வழக்கையும் சாட்சியமாக வைக்க அனுமதி கேட்டார். "ஏற்கெனவே பட்டவர், ஐயா. திருட்டுச் சரக்கு எப்படி வரும்னு இவருக்கா தெரியாது?"

நீதிபதி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கினார். "பழசு வேண்டாம். அதைக் காதுல போட்டுக்கிட்டா இந்த வழக்கு என் காதுல விழாது."

நியாயம்தான் என்று எனக்கும் பட்டது.

3
அடுத்து மெக்கானிக்கின் மனைவி கூண்டேறினார். [அழவைத்தால் நன்றாக இருக்கும். அவர் அழவில்லை.] "மெஷின் வந்த அன்னைக்கு என்னம்மா நடந்துச்சு?" என்று கேட்டார் மெக்கானிக் தரப்பு வக்கீல்.

"போன தடவை மாதிரி இல்லீங்க. இந்தத் தடவை வித்தவனோட அடையாள அட்டையைக் கேட்டு வாங்கிப் பாத்தாரு. நான் பக்கத்துலதான் நின்னேன்."

"அதை அடிச்சிடுங்க" என்றார் நீதிபதி. (எங்கள் தொழிலில் எழுதுவதும் அடிப்பதுதான், நீக்குவதும் அடிப்பதுதான்.)

"முழுசாவா ஐயா?" என்று கேட்டேன்.

"முழுசா."

'போன தடவை'யோடு சேர்ந்து அடையாள அட்டையும் போனது. வக்கீல் மறுபடி கேட்கவில்லை. அந்த அம்மா வாயில் பழசு திரும்பவும் வந்துவிடுமோ என்று பயம்.

4
முடிவு ஒன்று: நான் எழுந்து, 'ஐயா, பாதியையாவது வெச்சுக்கலாமே' என்று...

(எழவில்லை. தட்டச்சர் எழுந்து பேசி நான் பார்த்ததில்லை.)

முடிவு இரண்டு: விடுதலை.

(இல்லை. எட்டு மாதச் சிறை. 'விற்றவர் யாரென்று விசாரித்ததற்குச் சாட்சியம் இல்லை' என்ற வரியைத் தட்டச்சு செய்ததும் நான்தான். ஒரு பிழை கிடையாது.)

தாழ்வாரத்தில் அந்த அம்மா வழிமறித்தார். "அண்ணே, அட்டையைப் பாத்தாருன்னு நான் சொன்னது பதிவுல ஏறிடுச்சில்ல? அப்பீல்ல படிப்பாங்கல்ல?"

நான் அவரிடம்

(இந்த வரியை நான்கு விதமாக எழுதி, நான்கையும் நீக்கிவிட்டேன். எனக்குக் கை ஓய்ந்துவிட்டது. அவர் இன்னும் நின்றுகொண்டிருக்கிறார். நீங்கள் சொல்லுங்கள்.)