ஒன்பது மெடலும் ஒரு நட்சத்திரமும்

லட்சுமணன் வருவது இப்போதெல்லாம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் காதுக்குத் தெரிந்துவிடுகிறது. நெஞ்சில் ஒன்பது மெடல், நடக்க நடக்க ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுவென்கிறது. காளிகோயில் முன்னால் கூடியிருந்த புதூர்நாட்டுச் சனம் வாயைப் பிளந்து பார்த்தது. தேவராஜுக்கு வயிறு எரிந்தது.

விஷயம் இதுதான். இந்த வருஷத் திருவிழாவில் முதல் மரியாதையான தலைப்பாகையைப் பட்டாளத்திலிருந்து திரும்பி வந்தவர்களில் ஒருவருக்குக் கட்டுவதென்று சுற்று ஊர்களெல்லாம் சேர்ந்த நாட்டுக் கூட்டத்தில் முடிவாகியிருந்தது. யாருக்கு என்று கேட்டபோது ஊர்க்கவுண்டர் சின்னராஜ் யோசிக்கவே இல்லை. யாரிடம் மெடல் அதிகமோ அவருக்கு என்றுவிட்டார். அவர் புத்திக்கு எட்டியவரை ஒரு மெடலென்றால் ஒரு சண்டை. சனமும் சரி சரி என்று தலையாட்டியது. பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்தே உள்ளே சுளை எப்படி என்று சொல்கிற இந்த ஆட்கள், மெடலை மட்டும் எண்ணிப் பார்த்தால் போதுமென்று நினைத்துவிட்டார்களே என்று தேவராஜ் தலையில் அடித்துக்கொண்டார்.

அவருக்குத் தெரியாத மெடல் உண்டா? இருபத்திரண்டு வருஷம் பட்டாளத்தில் கிளார்க் வேலை. எவனுக்கு எந்த மெடல், எந்தத் தேதியில் எங்கே இருந்ததற்காக என்று பட்டியல் எழுதிய கை அவருடையது. அவரிடம் இருந்தது நான்குதான். மூன்று வட்டம், ஒன்று நட்சத்திரம். அந்தத் தலைப்பாகையை மனசுக்குள் எத்தனையோ தடவை கட்டிப் பார்த்துக்கொண்டவர். பட்டாளத்தில் லாரி ஓட்டிவிட்டு வந்த லட்சுமணன் தலைக்கு அது போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பாரா?

எழுந்து நேரே அவனிடம் போனார். முதல் மெடலை விரலால் தூக்கினார்.

"இது இன்னாதுன்னு தெரியுமா லட்சுமணா?"

அவன் பல்லைக் காட்டினான். தெரியாது என்பதுதான் அதற்கு அர்த்தம்.

சுதந்திரம் வந்த இருபத்தைந்தாம் வருஷத்துக்காகக் கொடுத்தது அது என்று தேவராஜ் ஊருக்கே கேட்கும்படி சொன்னார். எழுபத்திரண்டு ஆகஸ்டு பதினைந்தாம் தேதி சேவையில் இருந்தவனுக்குத்தான் அது. லட்சுமணன் பிறந்ததே எழுபத்தொன்பதில். பிறப்பதற்கு ஏழு வருஷம் முந்தியே பட்டாளத்தில் சேர்ந்த மகராசன் இவன் ஒருத்தன்தான் என்றார். சனம் சிரித்தது. அடுத்தது ஐம்பதாம் வருஷத்து மெடல். அதற்குத் தொண்ணூற்றேழில் சேவையில் இருந்திருக்க வேண்டும். இவன் சேர்ந்தது தொண்ணூற்றெட்டில். அடுத்தது இருபது வருஷச் சேவைக்கு. இவன் பதினேழு வருஷத்திலேயே பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தவன். இப்படி ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தார். லட்சுமணனுக்குக் கொஞ்சமும் வெட்கமில்லை. வேலூரில் ஒரு கடையில் செட்டாகத்தான் தருவார்கள், பிரித்துத் தரமாட்டோம் என்றுவிட்டார்கள் என்றான். சியாச்சின் பனிமலை மெடல் மட்டும் நிஜம் என்று சாதித்தான்.

"அப்டின்னா காளியாத்தா முன்னால கற்பூரம் அணைச்சு சொல்லு" என்றார் தேவராஜ்.

லட்சுமணன் கற்பூரத் தட்டைப் பார்த்தான், அம்மனைப் பார்த்தான், பிறகு பனிமலையைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். ஒன்பதில் தேறியது ஒன்று.

அதன்பிறகு தேவராஜைப் பிடிக்க முடியவில்லை. மெடலை எண்ணாதீர்கள், எதற்கென்று கேளுங்கள் என்று ஊருக்குப் பாடம் எடுத்தார். கார்கில் சண்டைக்கு இரண்டு விதம் கொடுத்தார்கள். அந்தச் சமயத்தில் வேறு இடங்களில் காவலுக்கு நின்றவனுக்கு வட்டம். சண்டை நடந்த இடத்துக்குள்ளேயே நின்றவனுக்கு நட்சத்திரம். பட்டாளத்தில் எந்தக் கம்பெனிக்காரன் என்பது பேச்சில்லை, எங்கே நின்றான் என்பதுதான் பேச்சு. சொல்லிவிட்டுத் தன் நெஞ்சிலிருந்த நட்சத்திரத்தைத் துண்டால் துடைத்தார். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. தலைப்பாகைத் துணி அவர் பக்கம் திரும்பிவிட்டது என்று அவருக்கே தெரிந்தது.

ஊர்க்கவுண்டர் கற்பூரத்தைப் புதிதாக ஏற்றினார்.

"சரிங்க. இப்ப நீங்க அணைங்க."

"நான் இன்னாத்துக்கு?"

"ஒருத்தன கற்பூரத்துக்குக் கூப்ட்டா, கூப்ட்டவனும் தன் சங்கதிய சொல்லி அணைக்கணும். அதான நம்ம நாட்டு வழக்கம்? மறந்துட்டீங்களா?"

மறந்துதான் போயிருந்தார். பட்டாளத்து விதியெல்லாம் தேதி முதற்கொண்டு நினைவிருந்த மனுஷனுக்குச் சொந்த நாட்டு வழக்கம் ஒன்று மண்டையில் நிற்கவில்லை. தட்டு முகத்துக்கு நேராக வந்தது. கூட்டத்தின் கடைசியில், அதே பட்டாளத்திலிருந்து திரும்பிய சடையன் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தான். தேவராஜின் கண் யாரையும் தேடாமல் நேரே அவனிடம்தான் போனது.

கார்கில் சண்டை நடந்த வருஷம் தேவராஜ் இருந்தது அந்த மலைக்கு வெகு கீழே, ஒரு டிப்போவில், கூரைக்கு அடியில், டைப்ரைட்டருக்கு முன்னால். மேலே போனவர்களின் பட்டியலை அடித்து முடித்தபோது கடைசியில் இரண்டு விரல் அளவு இடம் மிச்சமிருந்தது. தன் பெயரையும் அடித்தார். கையெழுத்துப் போட்ட அதிகாரி அவசரத்தில் இருந்தார். சடையன் வேறு கம்பெனியிலிருந்து கோவேறு கழுதைகளோடு தேவராஜின் கம்பெனிக்குத் தற்காலிக இணைப்பாக வந்தவன். குண்டுப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ராத்திரி பகல் பாராமல் மேலே போய் வந்தவன். அவன் எங்கே நின்றான் என்று அவனுடைய கம்பெனிக்கு எழுதி அனுப்ப வேண்டியது தேவராஜின் வேலை. ஒரு கடிதம்தான். இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளி எழுதாமலே விட்டார். பிறகு சடையன் ஊரில் வந்து கேட்டபோது, இணைப்பில் வந்தவனுக்கு விதியில் இடமில்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லி அனுப்பினார். கைநாட்டுக்காரனுக்கு விதி எங்கே தெரியப்போகிறது என்ற திமிர்தான், வேறென்ன.

ஊரும் அவனைச் சும்மா விடவில்லை. சண்டைக்குப் போனேன் என்றான், நெஞ்சில் ஒன்றையும் காணோம். கழுதைக்காரன் என்று பெயர் வைத்தார்கள். அவனுடைய அம்மா அம்மாக்கண்ணு, மகன் பொய் சொல்லுகிறான் என்ற வெட்கத்தோடேயே செத்துப்போனாள். கழுதைக்காரன் என்று சொல்லித் தேவராஜும் அவனைக் கூப்பிட்டிருக்கிறார்.

கற்பூரம் பாதி கரைந்திருந்தது. ஊர்க்கவுண்டரின் கை ஆடாமல் நின்றது. இப்போது பொய் சொல்லி அணைத்தாலும் கேட்க ஆளில்லை. ஒரே ஒருத்தனைத் தவிர, அவனும் வாய் திறக்கிறவன் இல்லை. ஆனாலும் தேவராஜின் கை எழவில்லை.

ஊக்கைப் பிடுங்கி நட்சத்திரத்தைக் கழற்றினார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ச் சடையன் முன்னால் நீட்டினார்.

"இது உன்னுது சடையா. நான் மேல வரவே இல்ல. உனக்கு வர வேண்டியத எழுதாம வுட்டவனும் நான்தான். விதில எடம் இருந்துச்சு."

லட்சுமணன்கூடச் சிரிக்கவில்லை.

சடையன் அதை வாங்கவில்லை. கையை மடியிலேயே வைத்துக்கொண்டான். அப்புறம் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

"எங்கம்மா இருந்தப்ப குடுத்திருந்தா வாங்கிக் காட்டியிருப்பேன்" என்றான். "இப்ப எனுக்கு இன்னாத்துக்கு? என்கூட ஏழு கழுத மேல வந்துச்சி, ரெண்டுதான் திரும்புச்சி. அதுங்களுக்கும் ஒண்ணும் குடுக்கல. நானும் அதுங்க கூடவே இருந்துட்டுப் போறேன்."

சொல்லிவிட்டு அவன் பாட்டுக்கு ஜீப் தடத்தில் இறங்கி நடந்தான். தேவராஜ் நீட்டிய கையை மடக்கத் தெரியாமல் நின்றார். தட்டில் கற்பூரம் யாரும் அணைக்காமல் தானே தீர்ந்துபோனது.